காணிக்கைப் புத்தகத்துக்குத் தெரிந்தது, எங்களுக்குத் தெரியவில்லை. சபை எதற்காக?

கடைசிவரிசை

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வாரமாக இது உள்ளே கிடந்து உறுத்துகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சபையில் ஆராதனை கீழ்த்தளத்திலிருந்து மாடி ஹாலுக்கு மாறி எட்டு மாதமாகிறது. கூட்டம் கூடிவிட்டது, கீழே இடம் போதவில்லை, நியாயமான காரணம்தான். போன வாரம் கமிட்டியில் கணக்கு வாசித்தார்கள். எங்களிடம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் எண் போட்ட காணிக்கைக் கவர் உண்டு. பொருளாளர் வாசித்துக்கொண்டே வந்தவர், "இந்த எண்ணில் ஐந்து மாதமாக வரவே இல்லையே, பெயரை எடுத்துவிடலாமா?" என்று கேட்டார். யாரென்று புரட்டிப் பார்த்தால், கீழே இருந்தபோது வாசலுக்குப் பக்கத்தில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் ஒரு வயதான அம்மா. அதே வரிசையில் உட்காருகிறவன் நான்! எனக்கே அவர் வராதது தெரியவில்லை.

மறுநாள் வீட்டுக்குப் போனேன். முழங்கால் போய்விட்டது, மாடிப்படி ஏற முடியவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஒருவர் மீதும் குறை சொல்லவில்லை. கிளம்பும்போது வேதாகமத்துக்குள்ளிருந்து ஒரு கட்டை எடுத்தார். ஐந்து மாதக் கவர்களும் ரப்பர் பேண்ட் போட்டு, மாதவாரியாக அடுக்கி. "குடுத்துவிட ஆள் இல்லப்பா, நீயே கொண்டுபோய்ச் சேர்த்துடு" என்றார்.

கையில் வாங்கவே கூசியது. அவர் வராமல் போனதைக் கவனித்தது சபையில் ஒரே ஒரு புத்தகம்தான், அதுவும் வரவுப் புத்தகம். போதகர் நல்லவர், உபதேசத்தில் கோளாறு கிடையாது, பாடல் குழு அருமை. ஆனாலும் இது எதற்காகத் தொடங்கப்பட்டதோ அதுவாக இன்னும் இருக்கிறதா, அதை எதை வைத்துச் சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தராசு

பிரதர், வருத்தமான விஷயம்தான். ஆனால் ஒருவரைப் பார்க்கப் போகவில்லை என்பதற்காக "இது சபையா" என்று கேட்பது கொஞ்சம் அதிகம். சபைக்கு முதல் வேலை சுவிசேஷம், சத்தியமான உபதேசம். விசாரிப்பு, உதவி எல்லாம் அதன் கனிகள். கனி குறைந்தால் எரு போடலாம், மரத்தின் பெயரையே மாற்ற வேண்டியதில்லை.

பழையசுவடி

தராசு, உங்கள் வரிசைமுறையோடு எனக்கு ஒத்துப்போக முடியவில்லை. வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். ஆதித் திருச்சபைக்குள் ஒரு பிரிவாருக்கும் இன்னொரு பிரிவாருக்கும் நடுவே எழுந்ததாக வேதம் சொல்லும் முதல் முறுமுறுப்பு எதைப் பற்றியது? திரித்துவத்தைப் பற்றியா, ஞானஸ்நானத்தைப் பற்றியா? அன்றாடப் பந்தியில் கிரேக்கு பேசும் விதவைகள் விடுபட்டுப்போனார்கள் என்பதைப் பற்றி. கடைசிவரிசை சொன்ன கதை அச்சு அசலாக அதுதான். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, கூட்டம் பெருகியது, சிலர் கண்ணில் படாமல் போனார்கள்.

அப்போது அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். அதாவது, எந்தப் பக்கம் விடுபட்டதோ அந்தப் பக்கத்து ஆட்களிடமே பொறுப்பு போனதாகத்தான் தெரிகிறது. "விசாரிக்கிறோம்" என்று சொல்லி ஒரு சப்-கமிட்டி போட்டுக் கிடப்பில் வைக்கவில்லை.

தராசு

அதே அதிகாரத்தில், தேவவசனத்தைப் போதியாமல் பந்திவிசாரணை செய்வது எங்களுக்குத் தகுதியல்ல என்று அப்போஸ்தலர்கள் சொல்கிறார்களே, அதை வசதியாக விட்டுவிட்டீர்கள். நான் சொன்னது அதுதான். வசனம் முதலில்.

பழையசுவடி

விடவில்லை, அதற்குத்தான் வந்துகொண்டிருந்தேன். பந்திக்கென்று நியமித்த ஏழு பேரில் ஸ்தேவான் அடுத்த அதிகாரத்திலேயே அந்தப் புத்தகத்தின் மிக நீளமான பிரசங்கத்தைச் செய்துவிட்டுக் கல்லெறிபட்டுச் சாகிறார். பிலிப்பு சமாரியாவுக்குப் போய்ப் பிரசங்கிக்கிறார், எத்தியோப்பிய மந்திரிக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார். வேலையைப் பிரித்துக்கொண்டார்கள், சரி. ஆனால் பந்தியில் நின்றவர்கள்தான் வசனத்தோடு ஊர் தாண்டினார்கள். நாம்தான் இரண்டையும் இரண்டு டிபார்ட்மெண்ட் ஆக்கி, ஒன்றுக்கு மேடையும் இன்னொன்றுக்குப் பின்வாசலும் கொடுத்து வைத்திருக்கிறோம்.

வெளியேவந்தவன்

நான் சபைக்குப் போவதை விட்டு ஆறு வருடம். இந்த மாதிரி இழைகளில் கடைசியில் எல்லோரும் "ஆதித் திருச்சபைக்குத் திரும்புவோம்" என்று முடிப்பார்கள், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அதே வரிசையில் அதே இடம். 313இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்துக்கு அனுமதி கொடுத்துக் கை வைத்த அன்றைக்கே கதை முடிந்தது. அதற்கு முன்னால் வீடு, அப்பம், ஜெபம். அதற்குப் பின்னால் கட்டடம், பதவி, சொத்து.

அகல்விளக்கு

வெளியேவந்தவன் தம்பி, உங்கள் வலி புரிகிறது, ஆனால் அந்த 313 கதை அவ்வளவு நேராக இல்லை. நான் கத்தோலிக்கப் பின்னணி, அதனால் என்னைச் சந்தேகத்தோடு பார்க்கலாம், பரவாயில்லை. 313க்கு முன்னாலேயே திருச்சபைக்குப் பதவிகள் இருந்தன. 251ஆம் ஆண்டு வாக்கில் உரோமை ஆயர் கொர்னேலியு எழுதிய கடிதம் ஒன்று யூசேபியு என்ற பழைய ஆசிரியர் எழுதிய திருச்சபை வரலாற்றில் இருக்கிறது. 46 மூப்பர்கள், 7 திருத்தொண்டர்கள், 7 துணைத் திருத்தொண்டர்கள், பீடத்துணைவர்கள் 42 பேர், அப்புறம் பேயோட்டுகிறவர்கள், வாசகர்கள், வாசல்காப்போர் சேர்ந்து 52 பேர். ஒரு சின்ன அலுவலகமே நடந்திருக்கிறது! ஆனால் அதே வாக்கியம் அங்கே நிற்பதில்லை, 1,500க்கும் மேற்பட்ட கைம்பெண்களும் வறியவர்களும் அங்கே போஷிக்கப்படுவதையும் சேர்த்துத்தான் எண்ணுகிறது. ஊழியர்களை எண்ணிய அதே மூச்சில் அவர்களையும் எண்ணியிருக்கிறார்கள்.

அமைப்பு இருப்பதில் எனக்குக் குற்றம் தெரியவில்லை. அந்தப் பட்டியலில் இரண்டாவது பாதி எப்போது உதிர்ந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒலிவமரம்

நானும் ஒரு போதகர்தான், முப்பது வருட ஊழியம். கடைசிவரிசை தம்பியின் பதிவைப் படித்துவிட்டு என் சபையில் மாடி ஏற முடியாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். நான்கு பேர் நினைவுக்கு வந்தார்கள். ஐந்தாவது ஒருவர் உண்டு என்று என் மனைவி சொன்னபிறகுதான் தெரிந்தது.

சரி, கேள்விக்கு வருகிறேன். "எது மெய்யான சபை" என்று ஒரு பட்டியல் போட்டுக் கேட்பது பதினாறாம் நூற்றாண்டில், புராட்டஸ்டன்ட் சபைகள் பிரிந்த சீர்திருத்தக் காலத்தில் சூடு பிடித்தது. லுத்தரன்களின் 1530 ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் ஏழாம் பிரிவு, சுவிசேஷம் தூய்மையாகப் போதிக்கப்பட்டு, திருமுழுக்கும் திருவிருந்தும் ஒழுங்காக நடக்கும் இடம் என்றது. 1561 பெல்ஜிய அறிக்கை அதோடு மூன்றாவதாக, தவறுகிறவர்களைத் திருத்தும் சபை ஒழுங்கைச் சேர்த்தது. அதற்கு ஆயிரத்துச் சொச்சம் வருடம் முன்பு, 381இல் கான்ஸ்டான்டிநோபிளில் உறுதியான விசுவாசப் பிரமாணம் ஒரே, பரிசுத்த, பொதுவான, அப்போஸ்தல திருச்சபை என்று நான்கு சொல்லில் சொன்னது. இவை எல்லாவற்றையும் நான் நம்புகிறேன், கற்பிக்கிறேன். ஆனால் அந்த மூன்று அடையாளத்தையும் வைத்து என் சபையை நானே சோதித்தால் ஒவ்வொரு வருடமும் பாஸ் மார்க் போட்டுக்கொள்வேன், அந்த ஐந்தாவது ஆள் வீட்டிலேயே இருப்பார். என் அனுபவத்தில் அடையாளங்களோடு இருக்கும் சிக்கல் இதுதான், எதைச் செய்கிறோம் என்பதை அவை கேட்கின்றன, யார் விடுபட்டார்கள் என்பதைக் கேட்பதில்லை.

திருவிருந்தை "ஒழுங்காக" நடத்துவது என்றால் என்ன? கொரிந்து சபையில் அப்பமும் இருந்தது, திராட்சரசமும் இருந்தது, சொல்ல வேண்டிய வார்த்தைகளையும் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் பவுல், நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய இராப்போஜனமே இல்லை என்று எழுதுகிறார். காரணம், ஒருவன் பசியாக இருந்தான், இன்னொருவன் குடித்து வெறித்திருந்தான். அதற்கு அவர் சொன்ன மருந்தும் எளிது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.

தராசு

ஐயா சொல்வதை மதிக்கிறேன். கொரிந்தியர் விஷயத்தில் மறுத்துப் பேச எனக்கு ஒன்றும் இல்லை. என் பயம் வேறு. பசித்தவனுக்குச் சோறு போடுவதுதான் சபை என்றால், அதைச் செய்ய ஆயிரம் சங்கங்கள் இருக்கின்றன, நன்றாகவே செய்கின்றன. ஆண்டவர் உயிர்த்தெழுந்தார் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? அதை விட்டுவிட்டு வெறும் உதவிக் குழுவாக மாறிப்போன சபைகளையும் நான் பார்த்திருக்கிறேன். ஜெபம் சம்பிரதாயத்துக்கு இரண்டு நிமிடம், அப்புறம் அறிக்கை வாசிப்பு.

பழையசுவடி

இந்தப் பயம் நியாயமானது, அதை நான் தள்ளவில்லை. நடபடிகள் 2:42இல் நான்கு சொல் வருகிறது: அப்போஸ்தலருடைய உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம். உபதேசம்தான் முதலில் நிற்கிறது, உங்களுக்கு ஒரு மார்க். ஆனால் அந்த இரண்டாவது சொல் இருக்கிறதே, அந்நியோந்நியம், கிரேக்கத்தில் கொய்னோனியா, அதை நாம் "ஐக்கியக் கூட்டம், முடிவில் டீ" என்று சுருக்கிவிட்டோம். மூன்று வசனம் தள்ளி அதற்கு விளக்கம் அங்கேயே கிடைக்கிறது, காணியாட்சிகளை விற்று அவனவனுக்குத் தேவையானபடி பகிர்ந்தார்கள் என்று.

ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் 155 வாக்கில் ரோமப் பேரரசருக்கு ஒரு விளக்கம் எழுதினார். எங்களைப் பற்றிக் கண்டபடி பேசுகிறார்கள், நாங்கள் ஞாயிற்றுக்கிழமை என்னதான் செய்கிறோம் தெரியுமா என்று. அப்போஸ்தலரின் நினைவுக்குறிப்புகளும் தீர்க்கதரிசிகளின் எழுத்துகளும் வாசிக்கப்படும், நேரம் இருக்கிறவரை. தலைமை தாங்குபவர் பேசுவார். எல்லோரும் எழுந்து நின்று ஜெபிப்பார்கள். அப்பமும் தண்ணீர் கலந்த ரசமும் வரும், பங்கிடப்படும். அதற்கடுத்த வரிதான் கடைசிவரிசைக்கு: வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் கையில் அதைக் கொடுத்தனுப்புவார்கள். ஒவ்வொரு ஞாயிறும். வசதியுள்ளவர்கள் மனமிருந்தால் கொடுக்கும் பணம் தலைமை தாங்குபவரிடம் சேரும், அதிலிருந்து அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வந்து தங்கிய அந்நியர்கள் எல்லோருக்கும் போகும்.

கவனியுங்கள், அன்றைக்கு வராதவர் யாரென்று தெரிந்தால்தான் கொடுத்தனுப்ப முடியும். ஒருவர் அந்த வெற்றிடங்களைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

கடைசிவரிசை

பழையசுவடி அண்ணா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஐந்து மாதமாக எங்களுக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவில் ஒன்றுமே போகவில்லை, அவர் பக்கத்திலிருந்து கவர் மட்டும் தயாராக இருந்திருக்கிறது.

கணக்குப்பிள்ளை

இன்னொரு சபையின் பொருளாளர் பேசுகிறேன். எங்களைத் திட்டாதீர்கள், பெயரை எடுக்கலாமா என்று கேட்கும்படி பழக்கிவிட்டிருக்கிறார்கள் எங்களை! எண் எதற்குக் கொடுத்திருக்கிறார்கள், வரவு சரிபார்க்க.

ஆனால் ஒன்று சொல்கிறேன். ஒரு சபை எதை நம்புகிறது என்று தெரிய வேண்டுமானால் விசுவாச அறிக்கையைப் படிப்பதைவிட செலவுப் பக்கத்தைப் படியுங்கள். எங்களிடம் "இதர" என்று ஒரு தலைப்பு உண்டு. பூ, குப்பைப் பை, பல்பு, ஒரு விசுவாசியின் மருத்துவச் செலவு, மைக் பேட்டரி எல்லாம் அதில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒலிபெருக்கிக்குத் தனித் தலைப்பு இருந்தது, மனுஷருக்கு இல்லை. போன வருடம் நான்தான் சண்டை போட்டு அதைப் பிரித்து எழுதவைத்தேன். பிரித்து எழுதியதும் தொகை எவ்வளவு சின்னது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அதனால் கொஞ்ச நாள் என்னிடம் பேசாமல் இருந்தார்கள்.

வெளியேவந்தவன்

கணக்குப்பிள்ளை எழுதியதை ரசித்தேன், உண்மையாக. நான் வெளியே வந்ததும் பணம் தொடர்பாகத்தான். கேள்வி கேட்டேன், "அபிஷேகம் பண்ணப்பட்டவருக்கு விரோதமாகப் பேசாதே" என்றார்கள். அதோடு முடிந்தது.

அகல்விளக்கு

தம்பி, அந்த வாயடைப்புக்கு ஆதித் திருச்சபையே பதில் வைத்திருக்கிறது. திதாகே என்று மிகப் பழைய ஒரு சிறு கையேடு, முதல் நூற்றாண்டின் கடைசி அல்லது அடுத்ததின் தொடக்கம் என்று சொல்வார்கள், அதன் கையெழுத்துப் பிரதி 1873இல்தான் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. அதில் ஊர் ஊராக வரும் ஊழியரை எப்படி நிதானிப்பது என்று இருக்கிறது. வந்தால் ஆண்டவரைப் போல ஏற்றுக்கொள். ஒரு நாள் தங்கட்டும், தேவைப்பட்டால் இரண்டு நாள். மூன்றாவது நாளும் உட்கார்ந்தால் அவர் போலி. போகும்போது வழிக்கு அப்பம் மட்டும் கொடு. பணம் கேட்டால் போலி. எனக்குச் சிரிப்பு வந்தது முதல் முறை படித்தபோது, எவ்வளவு பட்டுத் தெளிந்திருந்தால் இப்படி நாள் கணக்கு போட்டு எழுதுவார்கள்!

கேள்வி கேட்பதை அவர்கள் பாவம் என்று நினைக்கவில்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

தராசு

திதாகே விதியை இன்று அமல்படுத்தினால் கன்வென்ஷன் பந்தல் பாதி காலி.

வெளியேவந்தவன்

முதல் தடவையாகத் தராசு பிரதர் சொன்னதற்கு லைக் போட்டிருக்கிறேன்.

ஒலிவமரம்

சிரிப்பு இருக்கட்டும். வெளியேவந்தவன் தம்பிக்கு ஒரு வார்த்தை, பிரசங்கம் பண்ணுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சுத்தமான சபை வேண்டும் என்று தேடிப் பிரிந்தவர்கள் உங்களுக்கு முன்னாலும் உண்டு. 303இல் ரோமப் பேரரசர் டயோக்ளிசியன் தொடங்கிய துன்புறுத்தலில் வேதச் சுருள்களை அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டவர்களின் ஊழியம் செல்லாது என்று வட ஆப்பிரிக்காவில் டோனட்டியர்கள் தனியாகப் போனார்கள். அவர்களுடைய கோபம் பொய் இல்லை, துரோகம் நடந்தது உண்மைதான். அங்கே ஆயராக இருந்த அகஸ்டின் அவர்களுக்கு, கோதுமையும் களையும் அறுப்பு வரை சேர்ந்து வளரும் உவமையைக் காட்டிப் பதில் சொன்னார்.

இதையே சாக்காக வைத்து எந்த அநியாயத்தையும் மூடி மறைக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும், மறைத்திருக்கிறார்கள். களை இருக்கும் என்று சொல்வது வேறு, களைக்குத் தண்ணீர் ஊற்றுவது வேறு. உங்களைப் பேசவிடாமல் செய்தது இரண்டாவது வகை. நீங்கள் கேட்ட கேள்வி தவறில்லை.

வெளியேவந்தவன்

நன்றி ஐயா. திரும்பி வருவேன் என்று சொல்லவில்லை. ஆனால் ஆறு வருடத்தில் ஒரு போதகர் இதைச் சொல்லிக் கேட்பது இதுதான் முதல் முறை.

பழையசுவடி

ஒன்று விட்டுப்போனது. கட்டடம்தான் கெடுத்தது என்ற பேச்சுக்கு. சிரியாவில் யூப்ரத்தீஸ் கரையில் தூரா எவ்ரோப்போஸ் என்ற ஊரில், 240கள் வாக்கில் ஒரு சாதாரண வீட்டைச் சபையாக மாற்றியிருக்கிறார்கள், 1930களில் தோண்டி எடுத்தார்கள். என்ன மாற்றம் செய்தார்கள்? இரண்டு அறைக்கு நடுவே இருந்த சுவரை இடித்து ஒரே கூடமாக்கினார்கள், இன்னொரு அறையில் ஞானஸ்நானத் தொட்டி கட்டிச் சுவரில் படம் வரைந்தார்கள். ஆக, இடம் போதாவிட்டால் அவர்களும் மராமத்து வேலை பார்த்தவர்கள்தான். மாடி ஹால் கட்டியது தப்பே இல்லை, கடைசிவரிசை. படிக்குக் கீழே யார் நின்றுபோனார்கள் என்று பார்க்க ஆள் இல்லாததுதான் தப்பு.

இன்னொன்று, தராசு கேட்ட "சங்கங்களுக்கும் சபைக்கும் என்ன வித்தியாசம்". 362இல் ஜூலியன் என்ற பேரரசர், கிறிஸ்தவத்தை விட்டு விலகிப் பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்றவர், தன் பூசாரி ஒருவருக்குப் புலம்பி எழுதுகிறார்: இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அழைத்த பெயர்) தங்கள் ஏழைகளோடு நம்முடைய ஏழைகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார்கள், நமக்கு வெட்கம் என்று. நீங்களும் சத்திரங்கள் கட்டுங்கள் என்று தானியமும் ஒதுக்கினார். எதிரி கவனித்தது அதைத்தான். அவர்கள் யாரை நம்பினார்கள் என்பதும் அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது, இரண்டையும் பிரித்துப் பார்க்கும் சிக்கலே அவருக்கு எழவில்லை.

தராசு

ஒத்துக்கொள்கிறேன், பாதி. எபேசு சபைக்கு வந்த கடிதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வெளிப்படுத்தின விசேஷம் 2. கள்ள அப்போஸ்தலரைச் சோதித்துப் பார்த்த சபை, உபதேசத்தில் விட்டுக்கொடுக்காத சபை, என் மாதிரி ஆட்கள் நிறைந்த சபை என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதற்கு வந்த குறை, ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய். இதை நான் எத்தனையோ முறை மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டியிருக்கிறேன். இன்றைக்குக் காலையில் எழுந்து என் சபையின் பெயர்ப் புத்தகத்தை எடுத்தேன், பாதிப் பேருடைய முகம் நினைவுக்கு வரவில்லை. மேற்கொண்டு வாதாட இஷ்டமில்லை இப்போதைக்கு.

கணக்குப்பிள்ளை

கடைசிவரிசை, அந்தக் கவர்களை என்ன செய்தீர்கள்? பொருளாளர் புத்தி, கேட்காமல் இருக்க முடியவில்லை.

கடைசிவரிசை

கட்டிவிட்டேன், ஐந்துக்கும் ரசீது வாங்கினேன். பொருளாளர் ரசீது போடும்போது தலை நிமிரவே இல்லை, பாவம்.

நேற்று போதகரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஜஸ்டின் எழுதியதை அவரிடம் சொன்னபோது, "இது எனக்குத் தெரியும்ப்பா, செமினரியில் படித்ததுதான்" என்றார், அப்புறம் வழி நெடுக ஒன்றும் பேசவில்லை. அப்பமும் ரசமும் சின்னப் பெட்டியில் எடுத்து வந்திருந்தார். அந்த அம்மா முக்காடு போட்டுக்கொண்டு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து வாங்கிக்கொண்டார்.

முடிந்ததும் பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் முழுக்கப் பென்சிலில் பெயர்கள். கீழ்த்தளத்தில் அவருக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்தவர்கள், தினமும் ஜெபிக்கிறாராம். என் பெயரும் இருந்தது, என் அப்பா பெயரோடு. அதில் மூன்று பெயரைத் தொட்டு, "இவங்க நான் வர்றதை நிறுத்துறதுக்கு முன்னாடியே வரலையே, நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. போதகரைப் பார்த்தேன், அவருக்கும் தெரியவில்லை. ஒருவர் மட்டும் வேறு ஊருக்குப் போயிருக்கலாம் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை மறுபடி வருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம், அதற்குள் மற்ற இரண்டு பேருடைய வீட்டையாவது கண்டுபிடித்தாக வேண்டும். ஒருவரின் பழைய விலாசம் கவர் புத்தகத்தில் கிடைத்தது.